எட்டு மாசம் போட்டு ஓடின ரைடிங் ஜாக்கெட்டும் கிளவ்ஸும்: எங்கட வெயிலுக்கு இது சரிவருமோ, சட்டமாக்கலாமோ

இடது முழங்கைப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு உரஞ்சு, மேல் துணி நூல் நூலா விரிஞ்சு, அடியைத் தாங்க உள்ளுக்க வைச்சுக் கிடக்கிற புரொடெக்டரின்ர மஞ்சள் நிறம் வெளிய தெரியுது. அந்தக் கோலத்திலதான் ஜாக்கெட் இப்ப எனக்கு முன்னால கதிரையில கிடக்கு. என்ர முழங்கையில ரெண்டு ரூவாக் குத்தி அளவுக்குச் சிவந்தது மட்டும்தான், அதுவும் நாலு நாளில மாறீட்டுது. போன வருசம் ஆடி மாசம் இதை வாங்கேக்க எங்கட ஒழுங்கையில கேக்காத ஆள் இல்லை, உனக்கென்ன விசரோ, இந்த வெயிலுக்க உதைப் போட்டுக்கொண்டு திரியிறாய் எண்டு. எட்டு மாசம் ஓடிப் பாத்திட்டு எழுதுவம் எண்டு வைச்சிருந்தனான். இடையில விழுந்தும் போட்டன், இனி எழுதாமல் இருக்கேலாது.

முதல்ல நான் என்ன ஓட்டம் ஓடுறனான் எண்டு சொன்னாத்தான் மிச்சம் விளங்கும். தண்ணி இறைக்கிற மெஷின் விக்கிற இடத்தில வேலை, கிழமையில மூண்டு நாள் யாழ்ப்பாணம் கொக்குவிலில இருந்து கிளிநொச்சிப் பக்கம் போகோணும், கமக்காரரின்ர வளவுகளுக்குப் போய் மெஷின் பாக்கோணும். கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம், பளை, இயக்கச்சி, ஆனையிறவு, பரந்தன், போக வர 130 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். பைக் பழைய பல்சர் 150. ஏ9 காப்பெட் ரோட்டு எண்டபடியா ஓடுறதுக்குச் சுகம்தான், ஆனா அந்தச் சுகம்தான் பயமும். இரவில ரோட்டு நடுவில மாடு படுத்திருக்கும், சோளகக் காலத்தில ஆனையிறவு வெளியில காத்து பக்கவாட்டில வந்து பைக்கையே தள்ளும், ஒழுங்கைக்குள்ள இருந்து சைக்கிள் பாக்காமல் ஏறும்.

இந்தச் சாமான் வாங்கோணும் எண்ட எண்ணம் எனக்கு ஜாக்கெட்டைப் பாத்து வரேல்ல, சித்தியின்ர மகனின்ர கையைப் பாத்துத்தான் வந்தது. அதுக்கு முதல் தை மாசம் அவன் நாவற்குழிப் பக்கம் ரோட்டுக் கரையில கொட்டிக் கிடந்த மணலில வழுக்கி விழுந்தவன். பெரிய வேகம் இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தவன், அதில ஒரு பக்கம் முழுக்கக் கீறல், தலைக்கு ஒண்டும் இல்லை. ஆனா ரீசேட்டும் கால்ல செருப்பும். விழேக்க எந்த மனிசனும் கையைத்தானே ஊண்டுவான், ரெண்டு உள்ளங்கையும் போட்டுது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகேக்க மிசி ஒரு ஆள் குனிஞ்சிருந்து சின்னக் குறட்டால அவன்ர உள்ளங்கைக்குள்ள இருந்து கல்லுக் குறுணியளை ஒண்டொண்டா எடுத்துக்கொண்டிருந்தவ. கறுப்பா, கடுகு மாதிரி. ஒவ்வொண்டும் எடுத்துத் தட்டில போடேக்க ஒரு சின்னச் சத்தம் கேக்கும். ஊசி போட்டிருந்தும் அவன் பல்லைக் கடிச்சுக்கொண்டு சுவரைப் பாத்துக்கொண்டிருந்தான். அதுக்குப் பிறகு மூண்டு கிழமை 22 வயசுப் பெடியனுக்குச் சித்திதான் புட்டு ஊட்டினவ, கழுவி விட்டதும் அவதான், அவன் அதுக்குத்தான் அழுதவன், நோவுக்கு இல்லை.

அண்டைக்கு இரவே முடிவெடுத்தனான். ஆனா முதல் தரம் நான் வாங்கினது பிழையான சாமான், அதையும் சொல்லத்தான் வேணும், ஏனெண்டா என்ர காசு போன வழியில இன்னொருத்தற்ர காசும் போகக்கூடாது. கடையின்ர பேர் போடேல்ல. சித்திரை மாசம் ரவுணுக்குள்ள ஒரு கடையில 14,000 ரூவாய்க்கு ஒரு ஜாக்கெட். பாக்க நல்ல வடிவு, கறுப்பும் சிவப்பும், தோள்ல பிளாஸ்ரிக் துண்டு, நெஞ்சில பெரிய எழுத்து. கடைக்காரர், "இது சீ.ஈ தம்பி, வெளிநாட்டுத் தரம், பயப்பிடாமல் கொண்டுபோங்கோ" எண்டவர். உண்மைதான், கழுத்துப் பட்டிக்குள்ள சீ.ஈ எண்டு ரெண்டெழுத்து அடிச்சிருந்தது. வீட்ட கொண்டந்து முழங்கைப் பைக்குள்ள கையை விட்டு அந்தப் பாதுகாப்புத் துண்டை வெளிய எடுத்தா, சாம்பல் நிற பஞ்சு, பழைய செற்றிக்குள்ள இருக்குமே அந்தச் சாதி. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில வைச்சு அமத்தினன், ரெண்டு விரலும் முட்டீட்டுது. ஒரு இலக்கமும் இல்லை, ஒரு முத்திரையும் இல்லை. அடுத்த நாள் திருப்பிக் கொண்டு போனா, வித்த சாமான் எடுக்கிறேல்ல எண்டு பில்லைக் காட்டினம். 14,000 ரூவா எண்டுறது எனக்குச் சின்னக் காசு இல்லை, ஆனா காசைவிட எனக்குக் கோவம் வந்தது வேறொண்டுக்கு: நான் அதைக் கழட்டிப் பாக்காமல் விட்டிருந்தா, காப்பு இருக்கு எண்ட நம்பிக்கையில 10 கிலோமீற்றர் கூட வேகமா ஓடியிருப்பன்.

அதுக்குப் பிறகு ரெண்டு மாசம் இரவிரவா இதைப் பற்றித்தான் வாசிச்சனான். வாசிச்சதில கடைக்குப் போற ஆளுக்கு வேணுமானதை மட்டும் சொல்லுறன்.

சீ.ஈ எண்டது ஐரோப்பிய அடையாளம், ஆனா அந்த ரெண்டெழுத்து மட்டும் காணாது. முழங்கை, தோள், முழங்கால் புரொடெக்டரில ஈ.என் 1621-1 எண்ட ஐரோப்பியத் தர இலக்கமும், பைக் ஓடுற ஆளின்ர சின்னப் படமும், லெவல் 1 அல்லது 2 எண்டும் அச்சடிச்சிருக்கோணும், ஒட்டின ஸ்ரிக்கரா இல்லாமல் அந்தத் துண்டிலயே பதிஞ்சிருக்கோணும். அந்த இலக்கத்துக்குப் பின்னால ஒரு சோதனை இருக்கு. 50 ஜூல் சக்தியோட ஒரு இரும்புப் பாரத்தை அதில விழுத்துவினம், ஐஞ்சு கிலோவை ஒரு மீற்றர் உயரத்தில இருந்து போட்ட மாதிரி எண்டு வையுங்கோவன். மற்றப் பக்கம், அதாவது எங்கட எலும்பு இருக்கிற பக்கம் போற விசை சராசரியா 35 கிலோநியூட்டனுக்கு மேல போகக்கூடாது, அது லெவல் 1. லெவல் 2 எண்டா 20க்கு மேல போகக்கூடாது. முதுகுத் துண்டுக்கு வேற இலக்கம், ஈ.என் 1621-2, அதில லெவல் 1க்கு 18, லெவல் 2க்கு 9. இன்னொண்டு எங்கட ஊருக்கு மெத்த முக்கியம்: சில புரொடெக்டரில ரீ எழுத்தும் பக்கத்தில பிளஸ் அடையாளமும் இருக்கும், அது 40 பாகை வெக்கையிலயும் வைச்சு அடிச்சுப் பாத்தது எண்டு அர்த்தம். இந்தச் சாமானுகள் வெக்கைக்கு இளகிற வகை, அதால வெயிலுக்க நிண்ட பைக்கில தொங்கின ஜாக்கெட்டுக்கு அந்த அடையாளம் தேவை. கடைக்காரருக்கே அது என்னெண்டு தெரியாது, நான் கேட்ட மூண்டு கடையிலயும் தெரியாது எண்டுதான் சொன்னவை, ஆனா எழுத்து இருந்தா இருக்கு, நீங்களே பாக்கலாம்.

துணிக்கு வேற இலக்கம், ஈ.என் 17092. அதில ஏஏஏ, ஏஏ, ஏ எண்டு தரம். துணியை ஒரு மெஷினில பூட்டிச் சுத்தவிட்டுக் கொங்கிறீற்றில போட்டு உரைச்சுப் பாக்கிறது. விழேக்கக் கூட அடிபடுற இடங்களான தோள், முழங்கைத் துணி, ஏ தரத்தில 45 கிலோமீற்றர் வேகத்துக்கும், ஏஏயில 70க்கும், ஏஏஏயில 120க்கும் ஒப்பான சுழற்சியைத் தாங்கோணும். வலை மாதிரி மெஷ் ஜாக்கெட்டில முக்கால்வாசி ஏ தரம்தான் வரும். மொத்தத் துணி கூடத் தாங்கும், ஆனா அதைப் போட்டுக்கொண்டு வைகாசி மாசம் மத்தியானம் மீசாலையைத் தாண்டேலாது. அதால நான் ஏ தரம் எடுத்தன், அது தெரிஞ்சு எடுத்தது.

இப்ப இருக்கிறது இந்தியாவில இருந்து வாறது, வேற ஒரு கடையில 31,000 ரூவா. பிராண்டின்ர பேரை வேணுமெண்டுதான் எழுதேல்ல, பேரை எழுதினா ஆக்கள் பேரைப் பாத்து வாங்குவினம், லேபலைப் பாக்க மாட்டினம், அதே பேரில போலியும் வரும். இந்தக் கடையில நிண்ட பெடியன் நான் கேக்க முதலே தோள்த் துண்டையும் முழங்கைத் துண்டையும் வெளிய எடுத்துக் கையில தந்தவன், "பாருங்கோ அண்ணை, குத்திப் பாருங்கோ" எண்டு. மெல்ல அமத்தினா விரல் உள்ளுக்க போகுது, கையைப் பொத்திக் குத்தினா பலகை மாதிரி நிக்குது. லெவல் 2, ரீ பிளஸ் ரெண்டும் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. முதல் குறை, முதுகுப் பைக்குள்ள கிடந்தது வெறும் பஞ்சு. தோளுக்கும் முழங்கைக்கும் லெவல் 2 தந்தவன் முதுகுக்கு ஏன் பஞ்சை வைச்சான் எண்டு கேட்டா, எல்லாம் அப்பிடித்தானாம், முதுகுத் துண்டு தனியா வாங்கோணுமாம், அதுக்கு 6,800. கையோட வாங்கினன். விலையைப் பாக்கேக்க அதையும் சேத்துத்தான் பாக்கோணும், அப்ப 31,000 இல்லை, கிட்டத்தட்ட 38,000.

ரெண்டாவது வெக்கை. சரி, எல்லாரும் கேக்கிறது இதைத்தான், இதைக் கொஞ்சம் நிண்டு சொல்லுறன். ஓடிக்கொண்டிருக்கும் மட்டும் வெக்கை தெரியாது, உண்மையாத் தெரியாது, சேட்டோட ஓடுறதைவிடச் சுகம் எண்டு கூடச் சொல்லுவன், ஏனெண்டா வெயில் நேரா தோல்ல விழாது, காத்து வலைக்குள்ளால வந்து வேர்வையைக் காய வைக்கும். கொடிகாமம் தாண்டி ஓடேக்க நெஞ்சுப் பக்கம் குளிரும். பிரச்சினை நிக்கேக்க. கொக்குவில் ரெயில் கேற்றில மத்தியானம் ஐஞ்சு நிமிசம் நிண்டா பெனியன் தோஞ்சு போகும், பஸ் ஸ்ராண்ட் பக்கத்து நெரிசலுக்க போனா தலை சுத்துற மாதிரி வரும். நான் இப்ப செய்யிறது, வெளிக்கிட முதல் பருத்திப் பெனியனைக் கிணத்தடியில நனைச்சுப் பிழிஞ்சு போடுறது, அது சாவகச்சேரி மட்டும் தாக்குப்பிடிக்கும், அங்க தண்ணி குடிச்சிட்டுத் திருப்பி நனைக்கிறது. கேற்றில நிக்கேக்க சிப்பை இழுத்து விடுறது, கேற் திறக்கப் பூட்டுறது. பழகினா கை தானா செய்யும். சித்திரை, வைகாசி வெயில் இந்த ஜாக்கெட்டோட இன்னும் பாக்கேல்ல, அதைப் பாக்காமல் வெக்கைக்கு முழுசாச் சரி எண்டு எழுத மாட்டன்.

அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேந்து மோட்டோகாப் எண்டு ஒண்டு நடத்தினம், 2018இல இருந்து. அவையள் கடையில இருந்து ஜாக்கெட்டுகளைத் தாங்களே வாங்கிச் சோதிச்சு, பாதுகாப்புக்குத் தனியா, வெக்கையில உடம்பு எப்பிடித் தாங்கும் எண்டுறதுக்குத் தனியா புள்ளி போட்டு வெளிய விடுறவை. எங்களுக்கு வேணுமானது அப்பிடியான ஒண்டு, வெக்கைக்குத் தனிப் புள்ளி.

சின்னக் குறையள்: மெஷ்ஷுக்குள்ளால ஏ9 புழுதி எல்லாம் உள்ளுக்க வரும், வெள்ளைப் பெனியன் பின்னேரம் கிறவல் நிறத்தில இருக்கும். மாரிக்கு ஒண்டுக்கும் உதவாது, அதுக்கு மேலால மழைக் கோட்டுத்தான். சிப் ரெண்டு மாசத்திலயே இறுகீட்டுது, மெழுகுதிரி தேச்சு விட்டனான், இப்ப சரி. கிழமைக்கு ஒருக்காத் துண்டுகளைக் கழட்டிப்போட்டுக் கையால தோய்க்கோணும், இல்லாட்டி மணம். துண்டுகளை வெயிலில காயப்போடக் கூடாது, நிழலில துடைச்சு வையுங்கோ. பிறகு அளவு. வெக்கைக்குத் தளர்வா இருக்கட்டும் எண்டு ஒரு அளவு பெருசா எடுக்காதேங்கோ, விழேக்க முழங்கைத் துண்டு சுத்தி அங்கால போனா அது இருந்தும் ஒண்டுதான் இல்லாட்டியும் ஒண்டுதான். கையை மடக்கேக்க துண்டு முழங்கை மொளியில நேரா நிக்கோணும்.

கிளவ்ஸ் கதை வேற. அது நான் வாங்கேல்ல, பிரான்சில இருக்கிற மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்கக் கொண்டு வந்தவர். அங்க 2016 கார்த்திகையில இருந்து பைக் ஓடுறவை கிளவ்ஸ் போடோணும் எண்டு சட்டம், பின்னால இருக்கிறவைக்கும் சேத்து, சும்மா கம்பளிக் கிளவ்ஸ் இல்லை, சீ.ஈ லேபல் இருக்கிறது, போடாட்டி 68 யூரோ தண்டம், லைசன்ஸில ஒரு புள்ளியும் போகும். மச்சான் சொன்னவர், "முதல்ல எல்லாரும் திட்டினவைதான் அத்தான், இப்ப ஆரும் அதைப் பற்றிக் கதைக்கிறேல்ல, திறப்பை எடுக்கேக்க கிளவ்ஸையும் எடுக்கிறம்" எண்டு. பக்கத்தில பெல்ஜியம் அதுக்கும் முந்தி, 2011 புரட்டாசி 1ஆம் தேதியில இருந்து கிளவ்ஸ், நீளக் கை ஜாக்கெட், லோங்ஸ், கணுக்காலை மூடுற சப்பாத்து எல்லாம் கட்டாயம் ஆக்கினது. குளிர் நாடு, அவைக்கு ஜாக்கெட் எப்பிடியும் வேணும். எங்களுக்கு அப்பிடி இல்லை.

அந்தக் கிளவ்ஸ் உள்ளங்கையில ஆட்டுத்தோல், கையின்ர அடிப்பக்கம் சுண்டுவிரல் கரையில ஒரு வழுவழுப்பான கெட்டித் துண்டு, மணிக்கட்டில இறுக்கிற பட்டி. கெட்டித் துண்டு ஏன் வழுவழுப்பா இருக்கு எண்டு எனக்கு முதல்ல விளங்கேல்ல. ரோட்டில கை ஊண்டேக்க அது பிடிச்சு நிக்காமல் வழுக்கோணும், பிடிச்சு நிண்டா மணிக்கட்டு முறியும், அதுக்குத்தான். கிளவ்ஸின்ர இலக்கம் ஈ.என் 13594. பட்டி இல்லாத கிளவ்ஸ் வாங்காதேங்கோ, கழண்டு பறந்தா எங்க தேடுறது. வெக்கைக்கு ஜாக்கெட் அளவு கரைச்சல் இல்லை, முதல் ரெண்டு கிழமை விரல் வேர்க்கும், பேந்து அதுவும் பழகீடும், உண்மையில வேர்த்த கையால பிறேக் பிடிக்கிறதைவிட இது நல்லாப் பிடிக்குது.

முழங்கால் கவசம் 7,500க்கு வாங்கினது லோங்ஸுக்கு மேலால கட்டுறது. வேலை செய்யுது, ஆனா கட்டவும் கழட்டவும் நேரம், கமக்காரர் வீட்டு வாசலில நிண்டு கழட்டிக்கொண்டு நிக்க ஒரு மாதிரி. அரைவாசி நாள்தான் போட்டனான். விழுந்த அண்டைக்கும் போடேல்ல.

அது மாசி மாசம். பரந்தனில இருந்து பூநகரி ரோட்டால உள்ளுக்க ஒரு மெஷின் பாத்திட்டுத் திரும்பி வாறன், பின்னேரம் நாலு மணி. அறுவடைக் காலம், ரோட்டின்ர ஒரு பக்கம் நெல்லுக் காயப் போட்டிருந்தது, வன்னியில ஓடுற எல்லாருக்கும் தெரியும். அவையளைக் குறை சொல்ல மாட்டன், காய வைக்க வேற களம் இல்லாத சனம் என்ன செய்யிறது. எதிர்ல ரிப்பர் லொறி வந்தது, நான் கரைக்கு எடுத்தன், முன் சில்லு நெல்லுக்கு மேல ஏறினது. 40இல வந்திருப்பன். பிறேக்கைத் தொட்டது மட்டும்தான் ஞாபகம், நெல்லு உருளைக்கல்லு மாதிரி, பைக் இடது பக்கம் படுத்தது, நான் கையை ஊண்டி, முழங்கையில விழுந்து, ரோட்டில இழுபட்டுப் போய் நிண்டன். எழும்பி இருந்து முதல்ல பாத்தது உள்ளங்கையை. கிளவ்ஸைக் கழட்டப் பயமா இருந்தது, சித்தியின்ர மகன்ர கைதான் கண்ணுக்குள்ள நிண்டது. கழட்டினன். கை வெள்ளையா, வேர்த்து, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கிளவ்ஸின்ர கெட்டித் துண்டில மூண்டு ஆழமான கோடு, தோலுக்குள்ள ஒரு நெல்லு மணி குத்திக்கொண்டு நிண்டது. நெல்லுக் காவல் இருந்த ஐயா ஓடி வந்து, "தம்பி, எலும்பு கிலும்பு முறிஞ்சு போச்சோ" எண்டு கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, அந்தக் கிளவ்ஸை வாங்கித் தன்ர கையில போட்டுப் பாத்தவர். இடது முழங்கால்தான் போட்டுது, கவசம் வீட்டில தூக்கிப் போட்டுக் கிடந்த முழங்கால். ஏழு தையல், அந்த வடு இருக்கும்.

ஒரே ஆள், ஒரே விழுகை, காப்பு இருந்த இடத்தில ஒண்டும் இல்லை, இல்லாத இடத்தில ஏழு தையல். இதைவிட எனக்கு ஒரு சான்றும் தேவையில்லை, ஆனா என்ர ஒருத்தன்ர கதையை வைச்சு மட்டும் சொல்லேல்ல. 2011இல வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒண்டு இருக்கு, பைக்கில அடிபட்ட 212 பேரைப் பாத்தது. ரைடிங் கிளவ்ஸ் போட்டவை ஆஸ்பத்திரியில அனுமதிக்கப்படுறது போடாதவையைவிட 59 வீதம் குறைவு, ரைடிங் லோங்ஸுக்கு 51 வீதம், ஜாக்கெட்டுக்கு 21 வீதம். அதே ஆய்விலதான் மற்றதும் இருக்கு: அடிபடேக்க கிளவ்ஸில நாலில ஒண்டுக்கு மேல, ஜாக்கெட்டில பத்தில மூண்டுக்குக் கிட்ட, துணி தாங்காமல் போயிருக்கு. ரைடிங் சாமான் எண்டு விக்கிற எல்லாம் ரைடிங் சாமான் இல்லை. அங்கேயே அப்பிடி எண்டா, இஞ்ச பஞ்சைச் சீ.ஈ எண்டு விக்கிற இடத்தில யோசிச்சுப் பாருங்கோ.

இதாலதான், இதைச் சட்டமாக்கோணுமோ எண்டு கூட்டாளியள் கேக்கேக்க நான் உடன ஓம் எண்டு சொல்லுறேல்ல. ஹெல்மெட் எங்களுக்குக் கட்டாயம், ஓடுறவைக்கும் பின்னால இருக்கிறவைக்கும். அது நல்ல சட்டம், தரமான ஹெல்மெட் சாவை 40 வீதத்தால, தலைக் காயத்தை 70 வீதத்தால குறைக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு, சித்தியின்ர மகன் உயிரோட இருக்கிறது அந்தச் சட்டத்தால. ஆனா அதை நாங்கள் எப்பிடிப் போடுறம் எண்டு பாருங்கோ. சந்தி வரும் மட்டும் முழங்கையில கொழுவிக்கொண்டு வந்து, பொலிஸ் நிண்டா தலையில வைக்கிறது, பட்டி பூட்டுறேல்ல. எஸ்.எல்.எஸ் 517 எண்டு எங்கட நாட்டுக்கே ஹெல்மெட் தரம் இருக்கு, அந்த முத்திரையைத் தேடி வாங்குற ஆள் பத்தில எத்தினை பேர்? 2015இல முழுமுக ஹெல்மெட்டையே தடை செய்யப் பாத்தவை, களவுக்குப் போறவை முகத்தை மறைக்கினம் எண்டு, பேந்து நீதிமன்றம் போய்த்தான் அது நிண்டது. தாடையையும் சேத்துக் காப்பாத்துற ஹெல்மெட் அது. வியட்நாமில 2007 மார்கழியில எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம் ஆக்கினவை, கிட்டத்தட்ட எல்லாரும் போட்டவை, ஆனா மலிஞ்ச கோது ஹெல்மெட்டும் அதோட சேந்து ரோட்டை நிரப்பினது. சனம் தண்டத்துக்குப் பயந்து வாங்கினா ஆகக் குறைஞ்ச விலைக்கு ஆகக் குறைஞ்ச சாமானைத்தான் வாங்கும், கடையும் அதைத்தான் விக்கும்.

நாளைக்கு ஜாக்கெட் கட்டாயம் எண்டு வந்தா ஆரைப் பிடிப்பினம்? எங்கட ரோட்டில ஓடுறது ஆர்? விடிய ஏழு மணிக்குச் சீலையோட ஸ்கூட்டியில பள்ளிக்கூடம் போற ரீச்சர். வேட்டியோட கோயிலுக்குப் போற பெரியவர். மண்வெட்டியைப் பின்னால கட்டிக்கொண்டு சாரத்தோட தோட்டத்துக்குப் போற கமக்காரர். விடியக் கருக்கலில குருநகர்ச் சந்தையில மீன் எடுத்துப் பெட்டியோட ஓடுற அண்ணை, அவற்ர பைக்கே ஜாக்கெட்டும் கிளவ்ஸும் முழங்கால் கவசமும் சேந்த விலை போகுமோ தெரியாது. 38,000 ரூவா ஜாக்கெட்டை அவரில கட்டாயம் ஆக்கிறது நியாயம் இல்லை. ஆனா விழுந்தா ஆகக் கூட நட்டப்படுறதும் அவர்தான், கை போனா ஒரு மாசம் வீட்டில உலை இல்லை. இந்த ரெண்டும் உண்மை, இதுக்க நிண்டுதான் யோசிக்கோணும்.

என்னைக் கேட்டா, சட்டம் முதல்ல கடைக்காரற்ர மேசையில ஏறோணும். லேபல் இல்லாத சாமானை ரைடிங் ஜாக்கெட் எண்டோ காப்பு எண்டோ விக்கக்கூடாது, வித்தா திருப்பி எடுக்கோணும், தண்டம் அவருக்கு. ஐரோப்பாவில 2018 சித்திரையில இருந்து பைக் உடுப்பை வெறும் உடுப்பா இல்லாமல் பாதுகாப்புச் சாதனமாத்தான் கணக்கெடுக்கினம், சோதிச்சு லேபல் போடாமல் விக்கேலாது. அது இஞ்ச வரட்டும். வரியையும் குறைக்கட்டும், ஹெல்மெட்டுக்கும் கிளவ்ஸுக்கும். ஓடுறவைக்குக் கட்டாயம் எண்டு ஒண்டு வேணுமெண்டா கிளவ்ஸ் மட்டும் வரட்டும், சீலைக்கும் வேட்டிக்கும் சாரத்துக்கும் அது இடைஞ்சல் இல்லை, ஸ்கூட்டிப் பெட்டிக்குள்ள வைக்கலாம், விலையும் தாங்கும். நல்ல தோல் கிளவ்ஸ் ஒண்டு நான் ரவுணில 6,500க்குப் பாத்தனான், லேபலோட. ஜாக்கெட் அவரவர் ஓட்டத்தைப் பொறுத்தது. ஆனா வேலைக்கெண்டு பைக்கில அனுப்புற முதலாளிமார், என்ர இடம் உட்பட, ஓடுற பெடியளுக்கு வாங்கிக் குடுக்கத்தான் வேணும், அதை நான் எங்கட முதலாளியிட்டயே கேட்டிட்டன், யோசிப்பம் எண்டிருக்கிறார், நான் விடப்போறதில்லை.

கையில 10,000 தான் இருக்கு எண்டு கேக்கிறவைக்கு: பட்டி பூட்டுற நல்ல ஹெல்மெட் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. இருந்தா கிளவ்ஸ். மிச்சக் காசுக்குக் கணுக்காலை மூடுற சப்பாத்து, செருப்பை வீட்டில விடுங்கோ. ஜாக்கெட்டுக்குச் சேருங்கோ, அரைவிலைக்குப் பஞ்சு வாங்காதேங்கோ.

சித்தியின்ர மகனுக்கு மச்சானிட்டச் சொல்லி இன்னொரு சோடி கிளவ்ஸ் எடுப்பிச்சிருக்கிறன், அவன் கை இப்ப மூடுது, ஆனா சின்ன விரல் முழுசா மடங்காது, அதால அவனுக்கு ஒரு அளவு பெருசு. என்ர முழங்கால் கவசத்தைத் திறப்பு தொங்கிற ஆணியில கொழுவி வைச்சிருக்கிறன். ஜாக்கெட்டை எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில ஸ்கூல் பாக் தைக்கிற ஐயாவிட்டக் காட்டினனான், நைலோன் நூலால ரெட்டைத் தையல் போட்டு மேலால துண்டு வைச்சுத் தரலாம் எண்டவர், ஆனா முழங்கை முந்தின மாதிரி உரைச்சலைத் தாங்காது எண்டு அவரே சொன்னவர். மஞ்சள் துண்டு ஒருக்கா அடி வாங்கினது, அதை மாத்தோணும், கொழும்பில இருந்து வரோணுமாம், 3,200. வெள்ளிக்கிழமை பஸ்ஸில போட்டு விடுகினமாம், அது மட்டும் பஸ்ஸிலதான் கிளிநொச்சிக்குப் போறன்.